குழாய்க்கும் படிக்கும் நடுவே

கால் கழுவும் சனிக்கிழமை வந்துவிட்டால், சாலோமியம்மாளின் சபையைச் சேர்ந்த வீடுகளில் மத்தியானத்திலிருந்தே எல்லாரும் கால் கழுவ ஆரம்பித்துவிடுவார்கள். சிரிக்க வேண்டாம், உள்ளதைத்தான் சொல்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அதற்கு முந்தின சாயங்காலம் ஆயத்தக் கூட்டம். ஆண்டவர் தம் சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, அந்தக் கூட்டத்தில் ஆண்கள் ஆண்களுக்கும் பெண்கள் பெண்களுக்கும் கால் கழுவிவிட வேண்டும். அந்த மாதத்தின் குற்றங்குறையெல்லாம் தீர்ந்தது, நாளைக்குப் பந்தியில் உட்காரலாம் என்று அதற்கு அர்த்தம். ஆனால் அடுத்தவர் மடியில் அழுக்குக் காலை நீட்ட யாருக்கு மனம் வரும்? ஆகவே தேங்காய் நாரும் சவுக்காரமும் போட்டுக் குதிகாலை வீட்டிலேயே உரசித் தள்ளிவிட்டு, தரையில் பாதம் படாமல் ரிக்‌ஷாவில் வந்து இறங்குவார்கள். பன்னீர் தெளித்துக்கொண்டு வருகிற மகராசிகளும் உண்டு.

அந்தப் பன்னிரண்டு சீடர்களில் ஒருவராவது காலைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் பந்திக்கு வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. தெருப்புழுதியோடுதான் வந்தார்கள். இதை அந்தச் சபையில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

சபை கூடியது பினாங்கு ஜார்ஜ் டவுனில், சூலியா தெருவில், சீனி முகம்மதுவின் கயிற்றுக்கடைக்கு மேல்மாடியில். கப்பல்களுக்கும் சரக்கு ஏற்றுகிற தொங்காங் படகுகளுக்கும் கயிறு விற்கிற கடை. மாடிக்குப் போகும் படி பின்சந்தில் இருந்தது. மாடியில் தண்ணீர் வசதி கிடையாது. சந்தின் கோடியில் ஒரு பொதுக் குழாய். அங்கிருந்து வாளியில் சுமந்து வர வேண்டும். குழாய்க்கும் படிக்கும் நடுவே கல் பாவாத மண்தரை. மழைக்காலத்தில் அது உழுத வயல் மாதிரி ஆகிவிடும்.

சபையைத் தொடங்கிய மூப்பர் காலமான பிறகு, பெண்கள் பக்கத்துக்கு அவருடைய மனைவி சாலோமியம்மாள்தான் எல்லாம். மாடியின் பின்னறையிலேயே குடியிருந்தாள். பேசின் என்ற வாயகன்ற பாத்திரத்தை வைத்துக்கொண்டு எல்லாப் பெண்களுக்கும் அவளே கால் கழுவுவாள். அவள் காலை யாரும் கழுவியது கிடையாது. அதற்கு அவசியம் இருப்பதாக அவளுக்கும் தோன்றவில்லை, மற்றவர்களுக்கும் தோன்றவில்லை. தஞ்சோங் தோக்கோங் கடலில் முழுகி ஞானஸ்நானம் எடுத்த அன்றோடு தன் பாவமெல்லாம் கரையேறாமல் அங்கேயே நின்றுவிட்டது என்று ஞாயிறுதோறும் சாட்சி சொல்லுவாள். கூட்டம் முடிந்ததும் பேசினைத் தூக்கிக் காட்டுவாள்.

"பாத்தீங்களா, தண்ணி கலங்கவே இல்ல. கழுவப்பட்டவங்க கூட்டம்னா இப்படித்தான் இருக்கணும்."

எல்லாரும் தலையாட்டுவார்கள். சவுக்காரம் செய்த வேலையைப் பரிசுத்தத்தின் கணக்கில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

சாலோமியம்மாள் கெட்டவள் என்று நினைத்துவிடக் கூடாது. காய்ச்சல் கண்ட வீட்டில் முதல் ஆளாகப் போய் நிற்பாள். தெருவில் யாருக்குப் பிரசவம் என்றாலும் கஷாயம் வைத்துக் கொடுப்பாள். ஊரில் உள்ளவர்கள் பெயரையெல்லாம் சொல்லிச் சொல்லி, அவர்களுக்காக முழங்கால் தேய ஜெபிப்பாள். அவ்வளவு நல்லவளாக இருந்ததுதான் அவளுக்கு வினையாக முடிந்தது.

அவளுக்கு ஒரே மகள், திர்சாள். குழாயடிக்குத் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில், கயிறு வாங்க வந்த அய்யாக்கண்ணு என்ற தொங்காங் கூலியோடு பழக்கமாகி, ஒருநாள் அவனோடு போய்விட்டாள். மாரியம்மன் கோயிலில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டதாகச் செய்தி வந்தது. சபை கூடியபோது, அவள் பெயரை நீக்கிவிட வேண்டும் என்று முதலில் எழுந்து நின்று சொன்னது தாய்தான்.

"எனக்கு மக இல்ல. சபைக்கும் இல்ல."

என்ன வைராக்கியம் என்று எல்லாரும் மெச்சினார்கள். பெற்ற பிள்ளையைத் தள்ளியதற்காக ஒரு தாய்க்குப் பாராட்டு நடந்தது அந்த மாடியில்தான். பாராட்டை வாங்கிக்கொண்டு பின்னறைக்குப் போனவள், கதவைச் சாத்திக்கொண்டு வாயில் முந்தானையை அடைத்து அழுதாள். அன்றிலிருந்து ஒருநாள் தவறாமல் மகள் திரும்பி வரவேண்டும் என்று ஜெபித்தாள். மூப்பர் வைத்துப்போன விதி ஒன்று இருந்தது: நீக்கப்பட்டவர்கள்கூட ஆயத்தக் கூட்டத்துக்கு வந்து கால் கழுவும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால், கேள்வி கேட்காமல் காலைக் கழுவிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த விதியைத்தான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் மாதம், அடைமழை. அந்தச் சனிக்கிழமை கூட்டம் முடிகிற நேரம். புதிதாக விசுவாசத்துக்கு வந்த புஷ்பவள்ளியின் காலைக் கழுவித் துடைத்துவிட்டு சாலோமியம்மாள் நிமிர்ந்தபோது, பெஞ்சின் ஓரத்தில் திர்சாள் உட்கார்ந்திருந்தாள்.

அய்யாக்கண்ணு குடியிருந்த சுங்கை பினாங்கு ஆற்றங்கரையிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். சேலை முழுக்க நனைந்து உடம்போடு சுற்றிக் கிடந்தது. செருப்பில்லாத கால்களில் கெண்டைக்கால் வரைக்கும் சேறு. அந்தக் காலை முன்னால் நீட்டிவிட்டு, தாயின் முகத்தையே பார்த்தாள்.

சாலோமியம்மாளின் கை தானாகப் பேசினை மகள் பக்கம் நகர்த்தியது. அதற்குள் பாழாய்ப்போன கண் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டது. பெண்கள் சேலையை ஒதுக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். பலகைத் தரையில் சேற்றுத்தடம் படியிலிருந்து பெஞ்சு வரைக்கும் ஓடியிருந்தது. பேசினில் தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. இத்தனை வருஷமாகத் தூக்கிக் காட்டிய தண்ணீர். இன்றைக்கு அதைக் கலக்கப் போவது தன் மகளா?

"என்ன கோலம் இது?" என்றாள் தணிந்த குரலில். "கீழ பைப்புல நல்லா கழுவிட்டு வா."

"அம்மா…"

"கழுவிட்டு வான்னு சொல்றேன்லா. போ."

அதட்டலாகக்கூடச் சொல்லவில்லை. இரண்டு நிமிஷ வேலை, கழுவிவிட்டு வந்ததும் கட்டிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். திர்சாள் எழுந்து, தன் கால் பட்ட இடத்தை முந்தானையால் துடைக்கப் பார்த்து, சேறு இன்னும் அப்பிக்கொள்ளவே, தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனாள். சாலோமியம்மாள் துவாலையைத் தோளில் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். பாட்டு ஒன்று பாடினார்கள். இன்னொன்றும் பாடினார்கள். மகள் வரவில்லை. ஆசீர்வாதம் கூறி விளக்கை எடுக்கும்போதும் வரவில்லை.

அதன்பிறகு ஊர் வாய்க்கு அவல் கிடைத்தது. மனந்திரும்பியிருந்தால் காலைக் கழுவிக்கொண்டு வந்திருக்க மாட்டாளா என்றார்கள். தாய்க்கும் அதைத்தான் நம்ப வேண்டியிருந்தது; நம்பாவிட்டால் வேறு எதையாவது அல்லவா நம்ப வேண்டிவரும்! படியில் காலடிச் சத்தம் கேட்டால் ஓடிப்போய் எட்டிப் பார்ப்பாள். தண்ணீர் சுமக்கிறவராக இருக்கும். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு உள்ளே வருவாள். யாராவது கேட்டால் ஒரே பதிலைத் தயாராக வைத்திருந்தாள்.

மழை விட்டு, புது வருஷமும் பிறந்தது. ஒருநாள் காலையில் கயிற்றுக்கடை வாசலில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது புஷ்பவள்ளி பேச்சோடு பேச்சாகத் திர்சாளைப் பற்றிக் கேட்டாள்.

"அவ பேச்ச எடுக்காத புஷ்பவள்ளி," என்றாள் சாலோமியம்மாள். "கால் கழுவக்கூட மனசில்லாம போனவ அவ."

கடைக்குள் கயிறு சுற்றிக்கொண்டிருந்த சீனி முகம்மது கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு வெளியே வந்தார். அவர் அதிகம் பேசாத மனுஷன். மாடியில் பாடும் சத்தத்துக்கு இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட முகம் சுளிக்காதவர்.

"தங்கச்சி, உங்க வீட்டு விசயத்துல வாய் வைக்கக் கூடாதுன்னுதான் இத்தன நாளா இருந்தேன். ஆனா இந்தப் பேச்ச என் கடை வாசல்ல பேசாதீங்க. பொறுக்கல."

"என்னண்ணே சொல்றீங்க?"

"அந்தப் புள்ள கழுவுச்சு. நான் பாத்தேன். தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யலாம்னு பைப்படிக்குப் போயி பின்னால நிக்கிறேன். அழுத்தி அழுத்தித் தேச்சுக் கழுவுச்சு. கழுவிட்டுப் படிக்கு நடந்துச்சு. நடுவுல சேறு, அன்னிக்கு மழை எப்படின்னு உங்களுக்கே தெரியும். படிகிட்ட போயி குனிஞ்சு காலப் பாத்துச்சு. திரும்பி பைப்புக்கு வந்துச்சு. மறுபடி கழுவுச்சு, மறுபடி நடந்துச்சு, மறுபடி சேறு. இப்படியே போறதும் வர்றதுமா இருந்துச்சு தங்கச்சி. என்னால பாக்க முடியல. இரு புள்ள, பலகை கொண்டாந்து போடறேன்னுட்டு கடைக்குள்ள போனேன். எடுத்துட்டு வந்து பாக்குறேன், குந்திக்கிட்டு அழுவுது."

சாலோமியம்மாள் கீரைக்கட்டைப் பிடித்தபடி நின்றாள்.

"'எத்தன தடவ கழுவினாலும் அம்மாகிட்ட போறதுக்குள்ள அழுக்காயிடுது மாமா'ன்னு சொல்லுச்சு. அப்புறம் எந்திரிச்சு மழையிலேயே போயிடுச்சு. வயித்துப் புள்ளக்காரி. அதாவது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. காலைப் பார்த்த தாய் வயிற்றைப் பார்க்கவில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டைத் தேடி வந்த பெண்ணை, எந்தத் தாயாவது வாசல் மிதித்ததும் கண்டுபிடித்துவிடுவாள். ஊரில் எல்லார் பிரசவத்துக்கும் கஷாயம் வைத்தவளுக்கு அன்றைக்குக் கண் அவிந்து போயிருந்தது.

"நேத்து அய்யாக்கண்ணு கயிறு வாங்க வந்தான்," என்றார் சீனி முகம்மது, குரலை இறக்கி. "பொம்பளப் புள்ள பொறந்திருக்குன்னான். தாய்க்குக் காய்ச்சல் எறங்கலைன்னான். அவன் மூஞ்சே சரியில்ல. போங்க தங்கச்சி, ஒடனே போங்க."

கீரை எங்கே விழுந்ததோ, யார் ரிக்‌ஷாவைக் கூப்பிட்டார்களோ, அவளுக்கு நினைவில்லை. வண்டி ஓடிக்கொண்டிருந்தபோது வழக்கம்போல ஜெபிக்கப் பார்த்தாள். மகளுக்காக நாலு வார்த்தை வந்தது. தனக்காக ஒன்றும் வரவில்லை. ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து தன் பொருட்டு மன்னிப்பு என்று ஒரு வார்த்தையும் அவள் கேட்டதில்லை. கேட்க வேண்டியிருந்தது எல்லாம் மற்றவர்களுக்கு. இப்போது எப்படித் தொடங்குவது என்றுகூடத் தெரியவில்லை. பிள்ளையைத் தள்ளியது ஒன்று. தள்ளிய பிள்ளை வந்தபோது தண்ணீரைப் பற்றிக் கவலைப்பட்டது ஒன்று. அதன்பிறகு போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அவள்மேல் பழி சொன்னது ஒன்று. முழுகி எழுந்தவள் கால்பட்ட இடமெல்லாம் சேறாக இருந்திருக்கிறது, அவள்தான் குனிந்து பார்க்கவில்லை. 'நான் அவள் காலில் விழுகிறேன், அவள் என்னை மன்னிக்கட்டும், அதுவரைக்கும் அவளை உயிரோடு வைத்திரு' என்று மட்டும் முனகிக்கொண்டே போனாள்.

ரிக்‌ஷாக்காரர் சுங்கை பினாங்குப் பாலத்தோடு நிறுத்திவிட்டார். ஆற்றங்கரைச் சேற்றில் இறங்கி, சேலை நனைவதைப் பார்க்காமல், கேட்டுக் கேட்டு நடந்தாள். வரிசையாக அத்தாப்பு ஓலை வேய்ந்த குடிசைகள். ஒன்றின் வாசலில் நூர்ஜான் என்ற பக்கத்து வீட்டுப் பெண் கைக்குழந்தையை மடியில் போட்டுப் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய பிள்ளை பக்கத்தில் தவழ்ந்தது. மடியில் இருப்பது யார் என்று சாலோமியம்மாள் கேட்கவில்லை. நெற்றியும் மூக்கும் அப்படியே மூப்பருடையது.

அய்யாக்கண்ணு வெளியே வந்தான். திட்டுவான், விரட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"வாங்க அத்தே."

"எப்படிய்யா இருக்கா?"

"டாக்டர் வந்து பாத்தாரு. ஜன்னி கண்டுடுச்சின்னு சொல்லிட்டாரு. யாரையும் அடையாளம் தெரியல."

"என்னைய… என்னையக் கேட்டாளா?"

"நல்லா இருந்தப்ப தெனமும் உங்க பேச்சுத்தான். ஆள் அனுப்பி வரச் சொல்லவான்னு கேட்டா விடமாட்டா. 'நானே போவணும், சுத்தமாயிட்டுப் போவணும்'பா." அவன் கீழே பார்த்துக்கொண்டு பேசினான். "உங்க சாமியக் கும்பிடறத அவ விடல அத்தே. நானும் தடுக்கல. ஆனா கும்பிட்டா ஒரே அழுகதான். 'நான் இன்னும் சுத்தமாவல, அதான் அவரும் என்னையக் கூப்பிட மாட்டேங்குறாரு'ன்னு சொல்லுவா. அதென்னன்னு எனக்குப் புரியல."

சாலோமியம்மாளுக்குப் புரிந்தது. அன்றைக்குத் தான் சொன்னதை மகள் கடவுளே சொன்னதாக எடுத்துக்கொண்டுவிட்டாள். தன்னை மன்னிக்கிறாளோ இல்லையோ, அது பொய் என்று அவள் காதில் போட்டுவிட வேண்டும். அந்த எண்ணத்தோடு, தலையில் இடித்த வாசல்நிலையையும் கவனிக்காமல் உள்ளே போனாள்.

திர்சாள் பாயில் கிடந்தாள். கண் திறந்திருந்தது, ஆனால் பார்வை கூரையில் எங்கோ ஓடியது. உடம்பு அனலாக இருந்தது. கால்மாட்டில் போர்வை ஓயாமல் அசைந்தது. சாலோமியம்மாள் போர்வையை விலக்கினாள். மகள் ஒரு காலால் மற்றொரு காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். குதிகாலும் கணுக்காலும் தோலுரிந்து சிவந்திருந்தன. அந்தக் கால்களில் ஒரு தூசுகூடக் கிடையாது.

"இதோ வந்துடறேம்மா… கொஞ்சம் இரு… போயிடாத…"

"வேணாம் கண்ணு," என்று தாய் அந்தக் கால்களைப் பிடித்துக்கொண்டாள். "கழுவ வேணாம். அப்படியே வா. சேத்தோட வா, அம்மா கழுவுறேன்."

கால்கள் அவள் பிடியை உதறிவிட்டு மீண்டும் தேய்த்தன.

"நான் சொன்னது தப்பு, திர்சா. கேக்குதா? அது சாமி சொல்லல. நான் சொன்னேன், பாவி நான் சொன்னேன். அவர் அப்படிச் சொல்ல மாட்டார்டி. அழுக்கோட வர்றவங்களுக்குத்தானே அவர் தண்ணியும் துண்டுமா உக்காந்திருந்தாரு. ஏய், என்னையப் பாரு."

காதுக்கருகில் குனிந்து சொன்னாள். திருப்பித் திருப்பிச் சொன்னாள். குழாய்ச் சத்தத்துக்கு நடுவே யாரோ கூப்பிடுவது மாதிரி, திர்சாள் புருவத்தைச் சுருக்கிக் கேட்கப் பார்த்தாள், கிடைக்காமல் விட்டுவிட்டாள். மத்தியானம் முழுதும் அப்படியே போயிற்று. நூர்ஜான் வந்து குழந்தையைப் பக்கத்தில் கிடத்திப் பார்த்தாள். குழந்தை அழுத அழுகைக்கும் தாய் திரும்பவில்லை.

வெயில் சாய்கிற நேரத்தில் திர்சாளின் பார்வை கூரையிலிருந்து இறங்கி நேரே தாயின் முகத்தில் நின்றது. அடையாளம் தெரிந்துதான் பார்த்தாளா என்று சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது.

"அம்மா, சுத்தமாயிடுச்சா? பாத்துச் சொல்லு."

சுத்தமாக வேண்டியதில்லை என்று சொல்லத்தான் சாலோமியம்மாள் ஓடி வந்தாள். அதைச் சொன்னால் அந்தக் காதில் ஏறாது. ஏறாது என்று இத்தனை நேரமாகப் பார்த்தாயிற்று. ஆயிற்று என்று சொன்னால், அன்றைக்குப் போட்ட தடையைத் தானே இன்னொரு தரம் சரியென்று ஒப்புக்கொண்டதாகும். யோசிக்க நேரமில்லை. மகளின் பார்வை ஏற்கனவே நழுவத் தொடங்கியிருந்தது. அவசர அவசரமாக இரண்டு கால்களையும் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையால் துடைத்தாள்.

"சுத்தமாயிடுச்சு கண்ணு. ஒரு பொட்டு அழுக்கில்ல. ஏறி வா."

"நெசமாவா?"

"நெசமாத்தான். அம்மா பாத்துட்டுத்தானே சொல்றேன்."

"அப்ப நாளைக்கு விருந்துல…"

"என் பக்கத்துலதான் உக்காரணும். வேற எங்க உக்காருவ?"

கால்கள் தேய்ப்பதை நிறுத்தின. திர்சாளின் முகம் தெளிந்தது. சிறுவயதில் பள்ளிக்கூடத்தில் பாஸ் ஆகிவிட்டதாகக் கேள்விப்பட்டால் எப்படிப் பூரித்துப் போவாளோ அப்படி இருந்தாள். ஒரு பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடினாள். நூர்ஜான் விளக்கேற்ற எழுந்தபோது மூச்சு நின்றிருந்தது.

குடிசையில் அழுகை எழுந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடி வந்தார்கள். சாலோமியம்மாள் அழவில்லை, கால்களை மடியிலிருந்து இறக்காமல் உட்கார்ந்திருந்தாள். அய்யாக்கண்ணு அவள் எதிரில் வந்து மண்டியிட்டான். அழுது வீங்கிய முகத்தோடு, பெரிய உபகாரம் செய்தவரைக் கும்பிடுவதுபோல இரண்டு கையையும் கூப்பினான்.

"நீங்க மன்னிச்சிட்டீங்கன்னு தெரிஞ்சுகிட்டுப் போயிட்டா அத்தே. இதுக்குத்தான் அவ தவிச்சா. நீங்க நல்லா இருக்கணும்."

இல்லை, நான் மன்னிக்க வரவில்லை என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் நூர்ஜான் குழந்தையைக் கொண்டுவந்து அவள் தோளில் சாய்த்தாள். வந்திருந்த பெண்கள் ஒருவருக்கொருவர் மெல்லச் சொல்லிக்கொண்டார்கள், எப்பேர்ப்பட்ட தாய், எல்லாத்தையும் மறந்துவிட்டு வந்துவிட்டாளே என்று. சாலோமியம்மாள் மகளின் காலில் முகத்தை வைத்துக் குனிந்தாள். வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்த அந்த மன்னிப்பை மகளிடம் அவள் கேட்கவே இல்லை. இனிக் கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை.